திரைக்குப் பின்னே ஒருவர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நாடகம் நிறைவுற்றதும் நடிகர்கள் வரிசையாக வந்து வணங்குகின்றனர், ஊரார் கைதட்டுகின்றனர். அந்த வரிசையில் நிற்காத ஒருவர் அதே நேரத்தில் விளக்குகளை அணைத்துக்கொண்டும் பொருள்களை எண்ணிக்கொண்டும் இருக்கிறார். அவர் சொன்ன பிறகே நாடகம் தொடங்கியது. அவர் குறிப்புக் காட்டிய பிறகே திரை விழுந்தது. சிறிய நாடகக் குழுவொன்றுடன் சிற்றூர்களுக்குச் செல்லும் மேடை மேலாளரின் பணியை இப்பாடம் விளக்குகிறது.

கூட்டுக் கலையும் ஒழுங்கும்

முத்தமிழுள் ஒன்றாகிய நாடகம் தனியொருவர் கலையன்று. கவிஞர் தனியே அமர்ந்து பாடலாம்; ஓவியர் தனியே இருந்து வரையலாம். நாடகத்திற்கோ எழுதுபவர், இயக்குபவர், நடிப்பவர், இசைப்பவர், ஒப்பனை செய்பவர், விளக்கை இயக்குபவர், அமர்ந்து காண்பவர் எனப் பலர் வேண்டும். பலருடைய பணிகள் ஒரே நொடியில் ஒன்றுசேர வேண்டிய இடத்தில் ஒழுங்கு இன்றியமையாதது. அவ்வொழுங்கைப் பேணுபவரே மேடை மேலாளர். நாடகக் கலைஞர்களின் பேச்சு வழக்கில் அவர் ‘ஸ்டேஜ் மேனேஜர்’.

இயக்குநரின் பணியும் மேடை மேலாளரின் பணியும் வெவ்வேறானவை. நாடகம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை முடிவு செய்பவர் இயக்குநர். அம்முடிவு ஒவ்வோர் இரவும், ஒவ்வோர் ஊரிலும் மாறாமல் நிறைவேறுமாறு பார்த்துக்கொள்பவர் மேடை மேலாளர். முதல் நிகழ்வோடு இயக்குநரின் பணி பெரும்பாலும் முடிந்துவிடும். மேடை மேலாளரின் பணியோ அன்றுதான் முழுமையாகத் தொடங்கும்.

பெருநகர அரங்குகளில் ஒளி, ஒலி, உடை, மேடைப்பொருள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே வண்டியில் ஊர் ஊராகச் செல்லும் சிறு குழுவில் இவை அனைத்தும் பெரும்பாலும் ஒருவர் தோளிலேயே ஏறுகின்றன. ஆகவே, இப்பணியின் இயல்பை முழுமையாக அறிய விரும்புவோர் சிற்றூர்ப் பயணத்தையே நோக்க வேண்டும்.

பழந்தமிழர் கண்ட அரங்க ஒழுங்கு

அரங்கை அளந்து, ஒழுங்குபடுத்தி, பிழை நேராமல் காக்கும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலைப் பேசுவதற்கு முன் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. பிறகு அரங்கின் அளவைக் கூறுகிறது. 24 விரல் அளவுடையது ஒரு கோல். அக்கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல். மேடைத் தளத்திற்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். உட்செல்லவும் வெளிவரவும் இரண்டு வாயில்கள்.

திரைகளையும் இளங்கோவடிகள் மூவகையாகக் காட்டுகிறார். ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இரு பக்கங்களிலிருந்தும் வந்து பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இவற்றினும் வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கை நிறுத்த வேண்டும் என்னும் நுட்பமும் அங்கே சொல்லப்படுகிறது. விளக்கை ஏற்றுவது எளிது. அது எங்கே நிழலை வீழ்த்தும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது அரிது. மேடை மேலாண்மையின் உயிர்ப்பகுதி இவ்வாறு முன்கூட்டி எண்ணுவதே.

ஊர் ஊராகச் சென்ற நாடகங்கள்

தெருக்கூத்தில் மேடை மேலாளர் என்னும் பெயரில் எவரும் இலர். ஆயினும் அப்பணி அங்கே நடைபெறவே செய்கிறது. கூத்து வாத்தியார் குழுவை நடத்துகிறார். இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் வெளிப்படுகிறார். கட்டியங்காரன் வருவோரை அறிமுகம் செய்கிறான். கதையின் தொடர்பைச் சொல்கிறான். அடுத்த வேடக்காரர் ஆயத்தமாகும் வரை நகைச்சுவையால் அவையைப் பிடித்து நிறுத்துகிறான். மேடைக்குப் பின்னால் நிகழும் தாமதத்தை மேடைக்கு முன்னால் கலையாக மாற்றும் திறம் அவனுடையது.

தென்மாவட்டங்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என வழங்கும் இசை நாடகம் மற்றொரு வகை. வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடி முதலியவற்றை நடிக்க வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் கலைஞர்கள் அன்றிரவுதான் ஒருவரையொருவர் மேடையில் சந்திக்கின்றனர். ஒத்திகை இல்லை. இருந்தும் விடியும்வரை நாடகம் தடையின்றி நடக்கிறது. கதையும் பாடலும் வேடத்தின் இலக்கணமும் அனைவர்க்கும் பொதுவாகத் தெரிந்திருப்பதால் மரபே அங்கு மேலாளராக நின்று நடத்துகிறது எனலாம்.

நாடகத் தமிழின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) சிறுவர்களைக் கொண்ட நாடகக் குழுக்களைப் பயிற்றுவித்தார். 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்தனார் ஒத்திகைக்கும் நேர ஒழுங்குக்கும் முதன்மை தந்தார். 1925இல் தோன்றிய டி.கே.எஸ். சகோதரர்களின் குழு படுதாக்களையும் காட்சித் தட்டிகளையும் சுமந்துகொண்டு ஊர்தோறும் முகாமிட்டு நடித்தது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை தெருக்கூத்திலிருந்து கற்றுப் புதிய நாடக மொழியை உருவாக்கியது. 1990களில் அறிவொளி இயக்கத்தின் கலைக்குழுக்கள் பாடல்களோடும் வீதி நாடகங்களோடும் சிற்றூர்களுக்குச் சென்று எழுத்தறிவின் தேவையை எடுத்துரைத்தன.

புதிதாக எழுதப்பெற்ற நாடகத்தில் மரபு தரும் துணை குறைவு. அடுத்து எந்த விளக்கு எரியும், எந்த ஒலி எழும் என்பதை அந்நாடகக் குழுவைத் தவிர வேறெவரும் அறியார். அதனால்தான் அங்கே குறிப்பேடும் அதை ஏந்தும் ஒருவரும் தேவைப்படுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

எழினி – திரை
படுதா – காட்சி தீட்டப்பெற்ற தொங்கு திரை
தட்டி – மேடையின் பக்கங்களை மறைக்கும் சட்டம்
ஜமா – கூத்துக் குழு
மந்தை – ஊரார் கூடும் பொதுவெளி

குறிப்பேடும் பொருட்பட்டியலும்

மேடை மேலாளரின் முதன்மைக் கருவி ஒரு குறிப்பேடு. அதன் ஒரு பக்கத்தில் நாடகப் பனுவல் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் செயற்குறிப்புகள் இருக்கும். எந்தச் சொல் ஒலிக்கும்போது எந்த விளக்கு மங்க வேண்டும், எந்த நடிகர் எப்பக்கத்திலிருந்து நுழைய வேண்டும், எந்தப் பொருள் அவர் கையில் இருக்க வேண்டும் என்பன அங்கே வரிக்கு வரி எழுதப்பட்டிருக்கும். ‘தாய் கதவைத் திறக்கிறாள் – நான்காம் விளக்கு ஏறுக, மழையோசை நிற்க’ என்பது அத்தகைய குறிப்புகளுள் ஒன்று. மேடை மேலாளர் திடீரென நோயுற்றாலும், இன்னொருவர் அவ்வேட்டை விரித்து வைத்துக்கொண்டு நாடகத்தை நடத்திவிட இயல வேண்டும். குறிப்பேட்டின் நிறைவுக்கு இதுவே அளவுகோல்.

ஒவ்வொரு செயலுக்கும் இரு சொற்கள் உண்டு. முதற்சொல் ‘தயார்’. அதைக் கேட்டதும் விளக்கருகே இருப்பவர் விரலைப் பொத்தான்மீது வைத்துக்கொள்வார். இரண்டாம் சொல் ‘இப்போது’. அதைக் கேட்ட நொடியில் அழுத்துவார். முதற்சொல் இல்லாமல் இரண்டாம் சொல் மட்டும் வந்தால் கை தடுமாறும். மிக முன்னதாக வந்தால் கவனம் சிதறும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கால அளவை அறிவதற்குப் பல நாள் பயிற்சி வேண்டும்.

அடுத்தது பொருட்பட்டியல். செம்பு, கடிதம், ஊன்றுகோல், கூண்டு விளக்கு, பழைய செருப்பு என நாடகத்தில் வரும் ஒவ்வொன்றும் அதில் இடம்பெறும். மேடையின் பக்கத்தே ஒரு மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, அப்பொருள்களின் ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, உள்ளே பெயர் எழுதிவிடுவர். பொருளை எடுத்தவர் அதே கட்டத்தில் திரும்ப வைக்க வேண்டும். எந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறதோ அந்தப் பொருள் இல்லை என்பது மங்கிய ஒளியிலும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நாடகத்தின் திருப்புமுனை ஒரு கடிதத்தில் இருக்கும்போது, அக்கடிதம் வண்டியின் இருக்கைக்கடியில் கிடந்தால் எத்தனை நாள் ஒத்திகையும் பயன் தராது.

வண்டியில் ஏற்றுவதற்கும் முறை உண்டு. ஊரில் இறங்கியவுடன் முதலில் தேவைப்படுபவை மின்கம்பிகளும் மேடைத் தளவாடங்களும் ஆகும். இவை இறுதியாக ஏற்றப்பட வேண்டும். உடைப்பெட்டி முன்னதாக உள்ளே செல்ல வேண்டும். இம்முறை மாறினால் வெயிலில் நின்றுகொண்டு எல்லாப் பெட்டிகளையும் இறக்கி ஒரு சுருள் கம்பியைத் தேட நேரும்.

ஊருக்குள் நுழையும்போது

சிற்றூரில் அரங்கம் என்பது ஆயத்தமாகக் காத்திருக்கும் கட்டடமன்று. சில ஊர்களில் சிமெண்டால் கட்டிய நாடக மேடை இருக்கும். பல ஊர்களில் கோவில் முன்றில், பள்ளி மைதானம், மந்தை ஆகியவற்றுள் ஒன்றே அரங்கமாகும். மேடை மேலாளர் அங்கே சென்றதும் செய்யும் முதற்பணி மேடையமைப்பன்று, ஊராரிடம் பேசுவதே. ஊர்ப் பெரியவர், ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், கோவில் பூசாரி ஆகியோரை வணங்கி, இடத்திற்கும் நேரத்திற்கும் இசைவு பெற வேண்டும். ஊரில் அண்மையில் இறப்பு நிகழ்ந்துள்ளதா என்று கேட்டறிய வேண்டும். துக்க வீட்டிற்கு அருகில் ஒலிபெருக்கியை முழங்கவிட்டு நடத்தும் நாடகம் எவ்வளவு உயர்ந்த கருத்தைச் சொன்னாலும் ஊரின் உள்ளத்தில் இடம்பெறாது.

அடுத்து இடத்தை ஆராய வேண்டும். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது? நடிகர் குரல் காற்றோடு சேர்ந்து அவையை அடையுமாறு மேடையின் முகம் அமைய வேண்டும். மாலையிலேயே தொடங்குவதாயின் மேற்குச் சூரியன் காண்போர் கண்ணில் படலாகாது. மக்கள் தரையில் அமர்ந்து காண்பவர்கள்; மேடை மிகத் தாழ்ந்திருந்தால் பின்வரிசையினர்க்கு நடிகரின் தலை மட்டுமே தெரியும். சிறுவர்கள் மேடையை ஒட்டி அமர்வர்; ஆகவே மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே இடைவெளி விட வேண்டும். முதியோர் எழுந்து செல்லவும் கைக்குழந்தையோடு வந்தவர்கள் வெளியேறவும் வழி வேண்டும்.

ஒத்திகை நடந்த கூடம் 24 அடி அகலம் உடையதாயிருக்கலாம். இவ்வூர் மேடையோ 15 அடியாக இருக்கலாம். நான்கு அடி எடுத்துவைத்துப் பேச வேண்டிய நடிகர் இங்கே இரண்டரை அடியோடு நிற்க வேண்டும். இம்மாற்றத்தை மாலைக்குள் ஒவ்வொரு நடிகரையும் மேடையில் நடக்கவைத்து உணர்த்த வேண்டும். வாயால் சொன்னால் மறந்துபோகும். கால் பழகியது மறக்காது.

நாடகம் தொடங்கும் நேரமும் ஊரோடு கலந்தே முடிவு செய்யப்பட வேண்டும். வயலிலிருந்து திரும்பி, மாடு கட்டி, உணவு முடித்துத்தான் மக்கள் வருவர். அதே வேளையில் பக்கத்து ஊரார் கடைசிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். இவ்விரண்டையும் எண்ணி ஒரு நேரத்தை அறிவித்துவிட்டால் அதனைக் காப்பது கடமை.

ஒளியும் மின்சாரமும்

மேடை மேலாளர் கணக்கு அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். 500 வாட் விளக்குகள் 6 எரிவதாகக் கொள்வோம். மொத்தம் 3000 வாட். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் இதற்கு ஏறத்தாழ 13 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. வீட்டுச் சுவரில் உள்ள 5 ஆம்பியர் துளையில் இதைச் செருகினால் கம்பி சூடேறும், உறை உருகும், தீப்பற்றவும் கூடும். ஒலிபெருக்கியின் தேவை இதற்கு மேலும் உண்டு. ஆதலால், மின்சாரம் எங்கிருந்து பெறப்படுகிறது, எவ்வளவு தாங்கும் என்பதை மின்பணியாளரிடம் கேட்டறிந்த பிறகே விளக்குகளின் எண்ணிக்கையை உறுதி செய்ய வேண்டும். தாங்காது எனில் மூன்று விளக்குகளோடு நாடகத்தை நடத்தலாம். அல்லது மின்னாக்கியை வாடகைக்குப் பெறலாம். மின்கம்பத்தில் கொக்கியிட்டு மின்சாரம் எடுப்பது குற்றம், உயிருக்கும் கேடு.

கம்பிகளின் இணைப்பு எங்கும் திறந்திருக்கக் கூடாது. மக்கள் நடக்கும் வழியில் கம்பி கிடக்கக் கூடாது. உயரத்தில் கட்டிச் செல்ல வேண்டும். விளக்கு நிற்கும் இரும்புக் கால்களுக்கு நிலத்தொடர்பு அளிக்க வேண்டும். காற்றுக்குச் சாயாதிருக்க மணல் மூட்டை வைக்க வேண்டும். இவை அனைத்திற்கும் மேலாக, மின்சாரத்தை நம்பாத ஒரு விளக்கு மேடையருகே எப்போதும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இறுதியாகச் சொன்ன விதியை நான் நூலிலிருந்து கற்கவில்லை.

ஓர் இரவு கற்பித்த பாடம்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், கல்லூரி மாணவனாக இருந்தபோது, கோடை விடுமுறையில் ஒரு சிறு நாடகக் குழுவோடு சில ஊர்களுக்குச் சென்றேன். நடிப்பு எனக்கு வரவில்லை. ஆகவே, மேடைப் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐந்தாம் ஊரில் நிலையான மேடை இல்லை. பள்ளியின் மேசைகளை நெருக்கிப் போட்டு, மேலே பலகைகளை அடுக்கி, ஜமுக்காளம் விரித்தோம். பகலில் பார்க்கும்போது உறுதியாகவும் அழகாகவும் இருந்தது.

இரவு நாடகத்தின் நடுவே மின்சாரம் நின்றது. பெட்ரோமாக்ஸ் விளக்கு எங்களிடம் இருந்தது. ஆனால் நான் அதைக் கொளுத்தி வைத்திருக்கவில்லை. கைவிளக்கு உடைப்பெட்டிக்குள் இருந்தது. நான் இருளில் அதைத் தேடிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில், தந்தையாக நடித்துக்கொண்டிருந்த மூத்த நடிகர் பேசியவாறே இரண்டடி நகர்ந்தார். ஜமுக்காளத்தின் நிறமும் கீழிருந்த மண்ணின் நிறமும் ஒன்றாகத் தெரிந்தன. மேடை எங்கே முடிகிறது என்பது அவருக்குப் புலப்படவில்லை. விழுந்த ஓசைதான் எங்களுக்குக் கேட்டது.

மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஊரார் அவரை மாட்டுவண்டியில் ஏற்றி அருகிலிருந்த நகருக்கு அழைத்துச் சென்றனர். அன்றிரவு நாடகம் பாதியில் நின்றது. அவர் நாள்கூலிக்கு நெசவு செய்து பிழைத்தவர். கை கூடும்வரை தறியில் உட்கார முடியாது என்பது மறுநாள்தான் எனக்கு உறைத்தது. குழுவில் ஒவ்வொருவரும் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை அவருக்குத் தந்தனர். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மூன்று நாள்கள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு அவர் மீண்டும் நடிக்க வந்தார். மேடையருகே வந்து, “தம்பி, ஓரம் எங்கே இருக்கிறது, காட்டு” என்றார். நான் அதற்குள் மேடையின் விளிம்பு முழுவதும் ஒரு கையகல அளவிற்குச் சுண்ணாம்பு பூசியிருந்தேன். அவர் அந்த வெண்கோட்டின் மீதே மெல்ல ஒரு சுற்று நடந்தார். பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்தார். அது மாலை ஆறு மணிக்கே தட்டியின் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. தலையசைத்துவிட்டு ஒப்பனைக்குச் சென்றார்.

தூண் நிழல் எங்கே விழும் என்று கவலைப்பட்ட அரங்கேற்று காதையை நான் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்த மாலையில்தான்.

நாடகம் நடக்கும்போது

நாடகம் தொடங்குவதற்கு அரைமணி நேரத்திற்கு முன் மேடை மேலாளர் முதல் அழைப்பு விடுப்பார். அதன்பின் நடிகர் எவரும் மேடைப் பகுதியை விட்டு அகலக் கூடாது. கால்மணி நேரத்திற்கு முன் இரண்டாம் அழைப்பு. ஐந்து நிமிடங்களுக்கு முன் இறுதி அழைப்பு. ஒவ்வொரு முறையும் நடிகர் ‘சரி’ என்று மறுமொழி கூற வேண்டும். மறுமொழி வராத பெயருக்கு உரியவரைத் தேடிச் செல்ல வேண்டும்.

நாடகம் தொடங்கிய பிறகு அவர் உரத்துப் பேசுவதில்லை. கைக்குறியும் மெல்லிய சொல்லுமே கருவிகள். ஒருவர் வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுக்கிறார். ஒருவரின் உடைமுடிச்சு அவிழ்ந்தால் அடுத்த நுழைவிற்குள் கட்டிவிடுகிறார். முதன்முறையாக நடிக்கும் இளைஞர் நடுங்கினால் அருகே நின்று ஒரு குவளை நீர் தருகிறார். நடிகர்களுக்குள் பிணக்கு நேர்ந்திருந்தால் அது மேடைக்கு ஏறாமல் பார்த்துக்கொள்கிறார். ஒரே வண்டியில் பயணம் செய்து, ஒரே கூடத்தில் உறங்கி, பல நாள் இணைந்திருப்போரிடையே சிறு பூசல் எழுவது இயல்பு. யார் பக்கமும் சாயாமல் இருப்பவரிடமே இரு தரப்பினரும் மனம்விட்டுப் பேசுவர்.

நிறுத்துவதற்கான துணிவு

திறந்தவெளி நாடகத்தில் மழை எப்போதும் அழையா விருந்தாளி. தூறல் விழுகிறது. நாடகம் உச்சநிலையில் இருக்கிறது. நடிகர்கள் நிறுத்த விரும்பவில்லை. மக்களும் எழவில்லை, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருக்கின்றனர். தொடர்வதா, நிறுத்துவதா என்னும் முடிவு மேடை மேலாளரைச் சார்ந்தது. எரியும் விளக்கின் சூடான கண்ணாடி மீது மழைத்துளி பட்டால் அது வெடிக்கக்கூடும். நனைந்த மேடையில் கிடக்கும் கம்பி வெறுங்காலோடு ஆடுபவர்க்கு எமனாகும். ஆகவே, உயிருக்கு இடர் நேருமெனில் அவர் நாடகத்தை நிறுத்தியே ஆக வேண்டும். இயக்குநரும் அதைத் தடுக்கலாகாது.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. முதலில் நடிகர்களை மேடையிலிருந்து விலகச் செய்ய வேண்டும். பின்பு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மின்சாரமற்ற விளக்கை உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஊரார் நன்கறிந்த ஒருவர் எழுந்து நின்று, நிறுத்தியதன் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காரணம் அறியாத கூட்டம் கலவரமடையும். காரணம் அறிந்த கூட்டம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பொறுமையாகக் கலையும்.

நாடகம் முடிந்த பின்

மக்கள் கலைந்த பின்னும் மேடை மேலாளருக்கு இரண்டு மணி நேரப் பணி இருக்கிறது. பொருட்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுகிறார். விளக்குகள் ஆறிய பிறகே பெட்டிக்குள் வைக்கிறார். கிழிந்த உடையைத் தைக்கத் தனியே எடுத்து வைக்கிறார்.

ஊரில் இரவல் பெற்ற பொருள்களைத் திருப்பித் தருவது மிக முக்கியமானது. ஒரு வீட்டில் கயிற்றுக் கட்டிலும், இன்னொரு வீட்டில் பித்தளைக் குடமும், பள்ளியில் மேசைகளும் பெற்றிருப்பர். துடைத்து, எண்ணி, நன்றி கூறி அவற்றைத் திருப்பித் தந்த பிறகே வண்டி புறப்பட வேண்டும். திரும்பி வராத ஒரு குடம், அடுத்து அவ்வூருக்கு வரும் வேறொரு குழுவின் வரவேற்பைக் கெடுத்துவிடும். குப்பையைக் கூட்டி, பள்ளம் தோண்டிய இடத்தை மூடி, மைதானத்தை முன்பிருந்தவாறே ஒப்படைக்க வேண்டும்.

இறுதியாக அன்றைய நிகழ்வைப் பற்றி அரைப்பக்கம் எழுதுகிறார். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது, எங்கே பிழை நேர்ந்தது, எந்தப் பொருள் பழுதானது, மக்கள் எந்த இடத்தில் சிரித்தனர், எந்த இடத்தில் எழுந்து சென்றனர் என்பன அதில் இருக்கும். இயக்குநர் உடன் வராத பயணங்களில் நாடகத்தின் நலத்தை அவர் அறிந்துகொள்வது அந்த அரைப்பக்கத்தின் வழியாகத்தான்.

நிறைவாக

மேடை மேலாளரின் வெற்றி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. விளக்கு உரிய நேரத்தில் எரிந்தால் எவரும் அதைப் பேசுவதில்லை. எரியாவிட்டால் அனைவரும் பேசுவர். விழாத நடிகரையும் பற்றாத தீயையும் தொலையாத கடிதத்தையும் யாரும் பாராட்டிக் கைதட்ட இயலாது. இத்தகைய பணிகள் நாடகத்தில் மட்டுமல்லாமல் வீட்டிலும் மருத்துவமனையிலும் தொடர்வண்டிப் பாதையிலும் பள்ளியிலும் நாள்தோறும் நடைபெறுகின்றன. நம் வாழ்வு பெரிதும் அவற்றின் மீதே நிற்கிறது.

அடுத்த ஆண்டு விழாவில் உங்கள் பள்ளி மேடையில் நாடகம் ஒன்று நிகழலாம். நடிக்கப் பலர் முன்வருவர். குறிப்பேட்டை ஏந்தித் தட்டியின் பின்னால் நிற்க ஒருவர் வேண்டும். அவர் முதலில் செய்ய வேண்டியது, மேடையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து வெண்கோடு இடுவதாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெருவிரலின் அகலத்தைக் கொண்டு ஒரு கோலின் நீளத்தைக் கணக்கிடுக. அதன்படி அரங்கேற்று காதை கூறும் அரங்கின் அளவைப் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் குறித்துக் காட்டுக.
2. உங்கள் ஊரில் நிகழ்ந்த கூத்து அல்லது நாடகத்தின் மேடைப் பணியாளர் ஒருவரைச் சந்தித்து, அவரது பணி குறித்துக் கேட்டறிந்து வகுப்பறையில் உரையாடுக.
3. ஐந்து நிமிட ஓரங்க நாடகம் ஒன்றை எழுதி, அதற்குரிய பொருட்பட்டியலையும் ஒளி, ஒலிக் குறிப்புகளையும் உருவாக்குக.

மதிப்பீடு

குறுவினா
1. மூவகை எழினிகள் யாவை?
2. இயக்குநரின் பணிக்கும் மேடை மேலாளரின் பணிக்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா
1. ‘மரபே மேலாளராக நின்று நடத்துகிறது’ – இக்கூற்றை இசை நாடகத்தைக் கொண்டு விளக்குக.
2. சிற்றூரில் நாடகத்திற்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டியவற்றைக் கூறுக.

நெடுவினா
1. ‘முன்கூட்டி எண்ணுவதே மேடை மேலாண்மையின் உயிர்ப்பகுதி’ என்னும் கருத்தைப் பாடப்பகுதி வழி நிறுவுக.